உங்க போன்ல அந்த பிரவுசரை வச்சது யார்?

கொஞ்சம் நீளமான இழை இது. மருத்துவப் பதிவு இல்லை. ஆனா ஒரு பேஷண்ட்கிட்ட இருந்துதான் ஆரம்பிக்குது, அதனால பொறுமையா படிங்க.

போன மாசம், ஆலங்காயத்துல சுகர், பிரஷர் மாத்திரை வாங்க வர்ற கூட்டம். வரிசையில ஒரு அம்மா. வயசு நாற்பத்தஞ்சு இருக்கும். ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில அப்பர் தைக்கிற வேலை. விடியறதுக்கு முன்னாடி கம்பெனி வண்டி ஏறினா, இருட்டினப்புறம்தான் வீடு. மாத்திரை வாங்க வர்ற அன்னைக்கு அவங்களுக்கு சம்பளம் கிடையாது. அப்படியும் மாசம் தவறாம வந்துட்டிருந்தவங்க, நடுவுல ரெண்டு மாசம் வரவே இல்லை.

சர்க்கரை பார்த்தோம். 386.

"மாத்திரை சாப்பிடறீங்களாம்மா?"

"இல்ல டாக்டரம்மா, நிறுத்திட்டேன். அது கிட்னியைக் கெடுத்துடும்னு போன்ல வருது. இப்ப ஒரு பொடி வாங்கி சாப்பிடறேன்."

யூடியூப்லயான்னு கேட்டேன், இல்லைன்னாங்க. வாட்ஸ்அப்லயான்னு கேட்டேன், அதுவும் இல்லை. "தானா வருது" அப்படின்னாங்க. போனை வாங்கித் திறந்தா, மேல இருந்து இழுத்ததும் முப்பது நாற்பது நோட்டிஃபிகேஷன். வெள்ளை கோட்டு போட்ட யாரோ ஒருத்தர் படம், "சர்க்கரை நோயாளிகளுக்கு அவசர எச்சரிக்கை"ன்னு சிவப்பு எழுத்து. தொட்டா பொடி விக்கிற பக்கம் திறக்குது. பொருள் வீட்டுக்கு வந்ததும் காசு கொடுத்தா போதும்.

(நடுவுல ஒண்ணு சொல்லிடறேன். மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுக்காது. கட்டுப்படாத சர்க்கரைதான் கெடுக்கும். ஏற்கெனவே கிட்னி ரொம்ப பலவீனமா இருக்கிறவங்களுக்கு டோஸைக் குறைப்போம், இல்லைன்னா நிறுத்துவோம். இந்த ரெண்டு விஷயத்தையும் குழப்பித்தான் பாதிப் பொடி விக்குது.)

"இதை ஏம்மா நம்பினீங்க?"ன்னு கேட்டதுக்கு அவங்க சொன்ன பதில்தான் எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கத்தைக் கெடுத்தது.

"நான் இங்க பேர் எழுதிக் கொடுத்திருக்கேன்ல, போன் நம்பரும் கொடுத்தேன். அதனால நீங்கதான் அனுப்புறீங்கன்னு நினைச்சேன்."

நடந்தது இதுதான். அவங்க பையன் அம்மாவுக்காக "சுகர் குறைய"ன்னு தேடியிருக்கான். போன் வாங்கும்போதே கம்பெனிக்காரன் போட்டுக் கொடுத்த பிரவுசர்ல தேடியிருக்கான். ஏதோ ஒரு பக்கம் "அனுமதி"யைத் தொடுன்னு கேட்டிருக்கு, தொட்டுட்டான். அவ்வளவுதான். அன்னைல இருந்து அந்த அம்மாவுக்கு சர்க்கரை நோய் இருக்குங்கிறது எங்க ரிஜிஸ்டருக்கு வெளியிலயும் பல பேருக்குத் தெரிஞ்சு போச்சு.

எங்க பார்மசிஸ்ட் அந்த அனுமதியை எல்லாம் நீக்கி, வேற ஒரு பிரவுசரைப் போட்டு, அதையே டிஃபால்ட்டா மாத்திக் கொடுத்தாரு. நாலு நிமிஷ வேலை. மாத்திரையை நான் மறுபடி ஆரம்பிச்சேன். பலன் தெரிய அதுக்கு நாலு நிமிஷம் போதாது.

அந்த பிரவுசரை அந்த அம்மா கேட்கவும் இல்லை, தேர்ந்தெடுக்கவும் இல்லை. அப்ப அதை அங்க வச்சது யார்? இதுக்குப் பின்னாடி முப்பது வருஷக் கதை இருக்கு. அதுல நம்ம தமிழுக்கும் ஒரு முக்கியமான இடம் உண்டு.

முதல்ல அந்த டிஃபால்ட்ங்கிற வார்த்தை. எங்க தொழில்ல இதுக்கு வேற அர்த்தம். காசநோய் மருந்தைத் தொடர்ந்து ரெண்டு மாசத்துக்கு மேல நிறுத்தினவரை டிஃபால்டர்னு எழுதுவோம். தப்பு முழுக்க பேஷண்ட் மேலதான்னு சொல்ற மாதிரி இருக்குன்னு உலக சுகாதார நிறுவனம் 2013ல அந்த வார்த்தையையே எடுத்துடுச்சு. போன்ல டிஃபால்ட்னா நீங்க எதுவும் சொல்லாதப்ப உங்களுக்காக எடுக்கப்படுற முடிவு.

அந்த முடிவோட பலம் என்னன்னு மருத்துவத்துலயே உதாரணம் இருக்கு. 2003ல சயின்ஸ் இதழ்ல ஒரு ஆய்வு வந்தது. இறந்தபின் உறுப்பு தானத்துக்கு சம்மதம்னு கணக்கில் இருந்தவங்க ஜெர்மனியில 12%. பக்கத்து நாடு ஆஸ்திரியாவுல 99%க்கும் மேல. மொழி ஒண்ணு, பண்பாடும் கிட்டத்தட்ட ஒண்ணு. ஜெர்மனியில "தர்றேன்"னு எழுதிக் கொடுக்கணும். ஆஸ்திரியாவுல "தரமாட்டேன்"னு எழுதிக் கொடுக்கணும். வித்தியாசம் அது ஒண்ணுதான். உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்துலயே ஜனங்க ஃபார்ம் மாத்தி எழுதறதில்லைன்னா, பிரவுசரை யார் மாத்தப் போறா?

கம்பெனிக்காரங்களுக்கு இது நமக்கு முன்னாடியே தெரியும்.

சரி, கதைக்கு வருவோம். ஆலங்காயத்துல இருந்து மலைப்பாதையில போனா காவலூர், வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிற ஊர். யுரேனஸுக்கு வளையம் இருக்குன்னு 1977ல உலகம் கண்டுபிடிச்சப்ப அதைப் பதிவு பண்ணின தொலைநோக்கிகள்ல காவலூர்ல இருந்ததும் ஒண்ணு. ஏன் சொல்றேன்னா, இந்த மாதிரி ஆராய்ச்சிக்காரங்களோட பிரச்சினைதான் பிரவுசருக்கே விதை. ஒரு ஊர்ல எழுதின தாளை இன்னொரு ஊர்ல, வேற மாதிரி கம்ப்யூட்டர்ல திறந்து படிக்கணும். ஜெனீவா பக்கத்துல செர்ன் ஆய்வகத்துல வேலை பார்த்த டிம் பெர்னர்ஸ் லீ 1990ல முதல் பிரவுசரை எழுதினார். 1993ல மொசைக் வந்தது, படமும் எழுத்தும் ஒரே பக்கத்துல தெரிஞ்சது. அடுத்த வருஷம் நெட்ஸ்கேப்.

1995ல மைக்ரோசாஃப்ட் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரைக் கொண்டு வந்தது. கொஞ்ச நாள்லயே அதை விண்டோஸோட சேர்த்தே இலவசமா கொடுத்தாங்க. நெட்ஸ்கேப்பைக் காசு கொடுத்து வாங்கணும், இல்லைன்னா மணிக்கணக்கா டவுன்லோட் பண்ணணும். எக்ஸ்ப்ளோரர் கம்ப்யூட்டர் பொட்டியோடவே வருது. எது ஜெயிக்கும்? நெட்ஸ்கேப் படுத்துடுச்சு. அமெரிக்க அரசு 1998ல வழக்குப் போட்டது, மைக்ரோசாஃப்டை ரெண்டா உடைக்கணும்னு 2000ல தீர்ப்பும் வந்தது, அடுத்த வருஷம் மேல்முறையீட்டுல அந்த உடைக்கிற உத்தரவு போயிடுச்சு. 2002, 2003 வாக்குல உலகத்துல நூத்துக்குத் தொண்ணூறு பேருக்கு மேல எக்ஸ்ப்ளோரர்தான். ப்ரவுசிங் சென்டருக்குப் போனவங்களுக்கு அந்த நீல "இ" ஞாபகம் இருக்கும். நிறைய பேருக்கு இன்டர்நெட்னாலே அந்த "இ"தான்.

ஜெயிச்சதும் அதை மெருகேத்தறதை அவங்க கிட்டத்தட்ட நிறுத்திட்டாங்க. அஞ்சு வருஷம் பெரிய மாற்றமே இல்லை. போட்டி இல்லாத கடையில தராசைச் சரி பார்க்க மாட்டாங்க இல்லையா, அந்த மாதிரி. செத்துப்போன நெட்ஸ்கேப்போட மூல நிரலைத் திறந்துவிட்டதுல முளைச்ச ஃபயர்ஃபாக்ஸ் 2004 நவம்பர்ல வந்தப்பதான் திரும்ப உயிர் வந்தது. அப்ப நம்ம ஆளுங்க சும்மா இருக்கலை. இ-கலப்பை எழுதுகருவியைக் கொடுத்த அதே தமிழா குழு, மொசில்லாவையும் ஓப்பன் ஆபீஸையும் தமிழ்ப்படுத்துற வேலையைக் கூலி வாங்காம செஞ்சது.

கம்ப்யூட்டர் கதை போதும். நம்ம ஊர்ல முக்கால்வாசிப் பேர் கம்ப்யூட்டர் வழியா இன்டர்நெட்டுக்குள்ள வரலை, போன் வழியாத்தான் வந்தாங்க. இனிமே எனக்கு நேர்ல தெரிஞ்ச வரலாறு.

நான் எம்பிபிஎஸ் சேர்ந்த சமயம். ஹாஸ்டல்ல பாதிப் பேர் கையில நோக்கியா பட்டன் போன். ஏர்செல் பாக்கெட் இன்டர்நெட், மாசம் 98 ரூபாய். அந்த போன்ல நோக்கியாவே ஒரு பிரவுசர் வச்சிருந்தது. அதுல தமிழ்ப் பக்கம் திறந்தா வரிசையா கட்டம் கட்டமா தெரியும். ஒரு எழுத்துகூட வராது.

ஏன்னு கொஞ்சம் விளக்கணும். ஆங்கிலத்துல ஏ, பி, சின்னு ஒண்ணு பக்கத்துல ஒண்ணு அடுக்கினா வேலை முடிஞ்சது. தமிழ்ல "கொ"ன்னு எழுத, கம்ப்யூட்டர் "க"வையும் ஒகரக் குறியையும் தனித்தனியா வச்சிருக்கும். திரையில காட்டும்போது அந்தக் குறியை ரெண்டா பிச்சு, பாதியை "க"வுக்கு முன்னாடியும் பாதியைப் பின்னாடியும் வைக்கணும். இதுக்குத் தமிழ் எழுத்துருவும் வேணும், அடுக்கத் தெரிஞ்ச மென்பொருளும் வேணும். அன்னைக்கு இங்க வித்த பெரும்பாலான பட்டன் போன்கள்ல ரெண்டும் இல்லை. கோடிக்கணக்குல போன் வித்த நாட்டுல, அதை வாங்கினவன் மொழி அதுல தெரியலை. அது யாருக்கும் பெரிய குறையாவும் படலை.

அப்ப கைகொடுத்தது ஓபரா மினி. நார்வே நாட்டுக் கம்பெனி. 2006 ஜனவரியில உலகம் பூராவும் வெளியிட்டாங்க. அதோட யோசனை வித்தியாசமானது. நீங்க கேட்கிற பக்கத்தை உங்க போன் நேரா கொண்டு வராது. ஓபராவோட சர்வர் கொண்டு வந்து, பிழிஞ்சு சுருக்கி, அந்தச் சின்னப் பொட்டலத்தைத்தான் போனுக்கு அனுப்பும். டேட்டா பத்துல ஒரு பங்குதான் செலவாகும்னு சொன்னாங்க. மெதுவான லைன்லயும் பக்கம் திறக்கும். ஜவ்வாது மலையில ஒத்தைக் கோடு சிக்னல் வர்ற இடத்துல நின்னு பார்த்தவங்களுக்கு அதோட அருமை தெரியும்.

ஆனா தமிழ் வாசகர்களுக்கு அதுல இன்னொரு புதையல் இருந்தது. அட்ரஸ் அடிக்கிற இடத்துல கான்ஃபிக்னு ஒரு ரகசிய வார்த்தையை அடிச்சா ஒரு பழைய செட்டிங் பக்கம் திறக்கும். கடைசி வரைக்கும் இறங்கினா, சிக்கலான எழுத்துகளுக்குப் பட எழுத்துரு வேணுமான்னு ஒரு கேள்வி இருக்கும். "ஆம்"னு மாத்தி சேவ் பண்ணணும். அவ்வளவுதான், கட்டம் எல்லாம் மறைஞ்சு தமிழ் வரும். சர்வரே தமிழ் எழுத்தை அடுக்கி, அதைப் படமா வரைஞ்சு அனுப்பும். போனுக்குத் தமிழ் தெரிய வேண்டியதே இல்லை.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது என் ரூம்மேட். அவளுக்கு அவ அண்ணன். அண்ணனுக்கு ஏதோ ஒரு தமிழ் வலைப்பதிவு. அந்த வருஷங்கள்ல "மொபைலில் தமிழ் தெரிய"ன்னு இந்த வித்தையை விளக்காத தமிழ்த் தொழில்நுட்பப் பதிவரே கிடையாதுன்னு சொல்லலாம். விளம்பரம் இல்லாம, வாய்வழியா, ஹாஸ்டல் ஹாஸ்டலா பரவினது. ஆண்ட்ராய்டு போன் வந்தப்புறமும் ஆரம்பத்துல அதே கதைதான். முதல் பதிப்புகள்ல தமிழ் எழுத்துரு இல்லை, ஆண்ட்ராய்டு 4 வரிசை வர்ற வரைக்கும் அதே ஓபரா மினி, அதே கான்ஃபிக் வித்தைதான் கைகொடுத்தது.

தமிழன் போன்ல பிரவுசரை மாத்தினது பிரைவசிக்காக இல்லை, ஃபேஷனுக்காகவும் இல்லை. தன் மொழியில படிக்கிறதுக்காக. அவன்கிட்ட ஒரு காரணம் இருந்தது, மாத்தினான். எவ்வளவு சிக்கலான செட்டிங்கா இருந்தாலும் கண்டுபிடிச்சு மாத்தினான். "நம்ம ஜனங்களுக்கு இதெல்லாம் புரியாது"ன்னு யாராவது சொன்னா எனக்கு அதனாலதான் கோபம் வரும்.

ஓபரா மினியில ஒரு ஆபத்தும் இருந்ததுன்னு நேர்மையா சொல்லணும். எல்லாப் பக்கமும் அந்த சர்வர் வழியா போகுதுன்னா, பேங்க் பாஸ்வேர்டும் அந்த வழியாத்தான் போகும். பூட்டுப் போட்ட தளமா இருந்தாலும் நடுவுல சர்வர்ல ஒருமுறை பூட்டு திறக்கும். நாங்க அன்னைக்கு அதை யோசிக்கவே இல்லை. பேங்க்ல காசே இல்லாததால தப்பிச்சோம்.

அடுத்து வந்தது யூசி பிரவுசர். அணில் படம் போட்டது, ஞாபகம் இருக்கா? சீனக் கம்பெனி. 2014ல அலிபாபா அதை முழுசா வாங்கிடுச்சு. டவுன்லோட் வேகமா நடக்கும், பாதியில நின்னாலும் விட்ட இடத்துல இருந்து தொடரும். 2015, 2016 வாக்குல இந்தியாவுல மொபைல் பிரவுசர்கள்ல அதுதான் முதலிடம், கிட்டத்தட்ட பாதி சந்தை. கூகுளோட குரோமே பின்னாடி நின்னது. பெரும்பாலான போன்ல டிஃபால்ட்டா இல்லாத ஒரு பிரவுசர் இப்படி ஜெயிச்சது சாதாரண விஷயம் இல்லை. காரணம் டேட்டா. ஒரு ஜிபிக்கு இருநூறு ரூபாய்க்கு மேல கொடுத்திட்டிருந்த காலம் அது.

ஆனா 2015 மே மாசம் கனடாவுல டொரன்டோ பல்கலைக்கழகத்தோட சிட்டிசன் லேப் அந்த அணிலை அறுத்துப் பார்த்து ஒரு அறிக்கை விட்டது. போனோட அடையாள எண், சிம் அடையாள எண், நீங்க இருக்கிற இடம், தேடற வார்த்தை இதெல்லாம் வெளியில போகுது, அதுலயும் சிலது பூட்டே இல்லாம போகுதுன்னு கண்டுபிடிச்சாங்க. நடுவழியில உட்கார்ந்திருக்கிற யாரும் படிக்கலாம். இங்க எத்தனை பேர் அதைப் படிச்சோம்? நான் படிக்கலை. நைட் டியூட்டியில படம் டவுன்லோட் பண்ணிட்டிருந்தேன்.

2016 செப்டம்பர்ல ஜியோ வந்தது. டேட்டா தண்ணி மாதிரி ஆனதும் சுருக்கிக் கொடுக்கிற பிரவுசருக்கு இருந்த காரணமே போயிடுச்சு. 2020 ஜூன்ல கல்வான் மோதல். அந்த மாசம் 29ஆம் தேதி மத்திய அரசு தடை பண்ணின 59 செயலிகள்ல டிக்டாக்கோட யூசியும் இருந்தது. எல்லாரும் டிக்டாக்குக்குத்தான் அழுதாங்க. கோடிக்கணக்கான பேரோட வாசல் ஒரே ராத்திரியில மாறினதை யாரும் பேசலை. அவங்க எங்க போனாங்க? ஏற்கெனவே போன்ல இருந்ததுக்குத்தான் போனாங்க.

நடுவுல ஒரு சின்ன சோகக் கதை, விட்டுட்டுப் போக மனசில்லை. ஃபயர்ஃபாக்ஸைச் செய்யற மொசில்லா, பிரவுசரையே ஒரு போனா மாத்திப் பார்த்தது. இந்தியாவுல இன்டெக்ஸ் கம்பெனி 2014 ஆகஸ்ட்ல கிளவுட் எஃப்எக்ஸ்னு அதை வித்தது. விலை 1,999 ரூபாய். இந்தியோட தமிழும் அதுல உண்டு. யோசனை அருமை. போன் மகா மட்டம். நகரவே நகராது. ரெண்டு வருஷத்துக்குள்ள மொசில்லா அந்த முயற்சியையே கைவிட்டது. ஆனா அந்த விதையில இருந்து வந்த காய் ஓஎஸ்தான் பின்னாடி ஜியோ பட்டன் போன்ல ஓடினது.

இப்ப முக்கியமான கட்டம். ஏற்கெனவே போன்ல இருந்ததுன்னு சொன்னேன் இல்லையா, அது எப்படி அங்க வந்தது?

ஆண்ட்ராய்டு இலவசம், யாரும் எடுத்துப் போன் செய்யலாம். ஆனா பிளே ஸ்டோர் இல்லாத ஆண்ட்ராய்டு போனை இங்க யார் வாங்குவா? பிளே ஸ்டோர் வேணும்னா கூகுளோட ஒரு ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடணும். அதன்படி தேடல் செயலி, குரோம், யூடியூப் எல்லாம் ஒரே கட்டா வரும். பிரிக்க முடியாது. முகப்புத் திரையில எது எங்க இருக்கணும்ங்கிறது வரைக்கும் எழுதியிருக்கும். ரேஷன் கடையில சர்க்கரை வேணும்னா இந்த சோப்பையும் வாங்கணும்னு சொல்வாங்களே, அந்த வியாபாரம்தான்.

ஐரோப்பிய ஆணையம் இதுக்காக 2018 ஜூலையில 434 கோடி யூரோ அபராதம் போட்டது. பின்னாடி நீதிமன்றம் கொஞ்சம் குறைச்சது.

இந்தியாவுல இதைக் கிளப்பினது பெரிய கம்பெனிகள் இல்லை. இந்தியப் போட்டி ஆணையத்துல ஆராய்ச்சி உதவியாளரா இருந்த ரெண்டு இளைஞர்களும் ஒரு சட்ட மாணவரும் சேர்ந்து கொடுத்த புகார். 2019 ஏப்ரல்ல விசாரணை ஆரம்பம். 2022 அக்டோபர் 20ல தீர்ப்பு: 1,337.76 கோடி ரூபாய் அபராதம், கூடவே பத்து உத்தரவு. இப்படிக் கட்டாயமா கட்டி விற்கக் கூடாது, தேடல் எது வேணும்னு போனை முதல்ல திறக்கும்போதே கேட்கணும்ங்கிற மாதிரி. கூகுள் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய்த் தடை கேட்டது, 2023 ஜனவரி 19ல கிடைக்கலை. அதே மாசக் கடைசியில இந்தியாவுல விதிகளை மாத்தறோம், தனித்தனியா செயலி எடுத்துக்கலாம்னு அறிவிச்சது. மார்ச்ல மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி பண்ணினது, ஆனா நாலு உத்தரவை நீக்கிடுச்சு. அதுல ஒண்ணு, முன்னாடியே போட்டுக் கொடுத்த செயலியை வாங்கினவர் முழுசா நீக்க விடணும்ங்கிறது.

அதனாலதான் உங்க போன்ல குரோமை அழுத்திப் பிடிச்சா பெரும்பாலும் முடக்கத்தான் முடியும், நீக்க முடியாது. போய்ப் பாருங்க.

இதுல எவ்வளவு பணம் புரளுதுன்னு தெரிஞ்சா தலை சுத்தும். அமெரிக்காவுல கூகுள் மேல நடந்த இன்னொரு வழக்குல நீதிபதி அமித் மேத்தா 2024 ஆகஸ்ட்ல தீர்ப்பு சொன்னப்ப வெளியில வந்த கணக்கு: பிரவுசர்லயும் போன்லயும் தன் தேடலை டிஃபால்ட்டா வைக்க 2021 ஒரே வருஷத்துல கூகுள் பல கம்பெனிகளுக்குக் கொடுத்தது 2,630 கோடி டாலர். நம்ம காசுல கிட்டத்தட்ட 2 லட்சம் கோடி ரூபாய். தமிழ்நாட்டுல எங்க மருத்துவத் துறை முழுசுக்கும் 2024-25ல ஒதுக்கினது 20 ஆயிரம் கோடி சொச்சம். அதைப் போல பத்து மடங்கை, நீங்க செட்டிங்ஸைத் தொடாம இருக்கிறதுக்காக ஒருத்தர் செலவு பண்றார். ஐபோன் வச்சிருக்கிறவங்க சிரிக்காதீங்க, அதுல பெரும்பங்கு ஆப்பிளுக்குத்தான் போகுது. அதுவுமில்லாம, 2020 செப்டம்பர் வரைக்கும் உங்க போன்ல டிஃபால்ட் பிரவுசரை மாத்தற வசதியே கிடையாது.

இந்த வழக்குல குரோமையே விக்கணும்னு அமெரிக்க அரசு கேட்டது. 2025 செப்டம்பர்ல நீதிபதி அதுக்கு ஒத்துக்கலை. வேற யாரும் உள்ள வர முடியாதபடி ஒப்பந்தம் போடக் கூடாதுன்னு உத்தரவு.

அப்ப மாத்துக்கு எங்க போறது? இங்க மறுபடி நம்ம ஊர் வருது. 2023ல சென்னையில இருந்து ஜோஹோ நிறுவனம் ஒரு பிரவுசர் விட்டது. பேர் உலா. பிரவுசருக்குத் தமிழ்ல உலாவின்னு பேர் வச்சவங்களுக்கு சந்தோஷமா இருந்திருக்கும். எனக்கு அந்தப் பேர்ல ஒரு குறும்பும் தெரியுது. பழைய உலா இலக்கியத்துல ராஜா வீதியில வருவார், பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவப் பெண்களும் அவரைப் பார்த்துட்டு நிப்பாங்க. இன்டர்நெட்ல நாம போற வீதியிலயும் அப்படித்தான், நம்மை எத்தனை கண்ணு பார்க்குதுன்னு நமக்குத் தெரியாது. இந்த உலா விளம்பரக் கண்காணிப்பைத் தடுக்கிறதையே முதல் வேலையா வச்சிருக்கு. மத்திய அரசு இந்திய பிரவுசருக்கு நடத்தின போட்டியில 2025 மார்ச்ல முதல் பரிசு, ஒரு கோடி ரூபாய், அதுக்குத்தான் கிடைச்சது.

அந்தப் போட்டிக்குப் பின்னாடி ஒரு பழைய அவமானமும் இருக்கு. ஒரு தளம் உண்மையானதுன்னு சொல்ற சான்றிதழை யார் கொடுத்தா நம்பலாம்ங்கிற பட்டியல் பிரவுசர்லயோ போனோட மென்பொருள்லயோதான் இருக்கும், அதை வச்சிருக்கிறவங்கதான் முடிவு பண்ணுவாங்க. 2014 ஜூலையில நம்ம தேசிய தகவல் மையத்தோட சான்றிதழ் அமைப்புல இருந்து கூகுள் தளங்களோட பேர்ல அனுமதி இல்லாத சான்றிதழ்கள் வெளியில போனது தெரிய வந்தது. உடனே அந்த மையத்தோட சான்றிதழ்களுக்கு நம்பிக்கை போச்சு. இந்திய அரசோட சான்றிதழ்களைக் குறிப்பிட்ட சில டொமைன்களைத் தவிர வேற எதுக்கும் குரோம் ஏத்துக்காதுன்னு கூகுள் கட்டுப்படுத்திடுச்சு. தப்பு நம்ம பக்கம்தான். ஆனா ஒரு நாட்டு அரசோட கையெழுத்து செல்லுமா செல்லாதான்னு பிரவுசர் எழுதறவர் முடிவு பண்ணலாம்ங்கிறதும் அன்னைக்குத்தான் நிறைய பேருக்கு உறைச்சது. இந்திய சான்றிதழ்களை நம்பற பிரவுசர் வேணும்ங்கிறது அந்தப் போட்டியோட நிபந்தனைகள்ல ஒண்ணு.

ஊர்ப் பாசத்துல ஒண்ணை மறைக்கக் கூடாது. உலாவோட உள்ள ஓடற எஞ்சின் குரோமியம், கூகுள் ஆரம்பிச்சதுதான். பிரேவ், ஓபரா, மைக்ரோசாஃப்டோட எட்ஜ் எல்லாத்துலயும் அதே எஞ்சின். பாடி வேற, எஞ்சின் ஒண்ணு. தனி எஞ்சினோட இருக்கிற பெரிய பேர் ரெண்டுதான், ஆப்பிளோட சஃபாரியும் ஃபயர்ஃபாக்ஸும். அந்த ஃபயர்ஃபாக்ஸுக்கு வருமானத்துல பெரும்பகுதி எங்க இருந்து வருது தெரியுமா? அதுல கூகுளை டிஃபால்ட் தேடலா வைக்கிறதுக்கு கூகுள் கொடுக்கிற பணம்தான். சிரிக்கிறதா அழறதான்னு தெரியலை.

சரி டாக்டர், எதைப் போடறதுன்னு கேட்பீங்க. நான் எங்க ஸ்டாஃபுக்குச் சொல்றது இதுதான். செட்டிங்ஸ்ல ஆப்ஸ், அதுக்குள்ள டிஃபால்ட் ஆப்ஸ், அதுல பிரவுசர். ஃபயர்ஃபாக்ஸ், பிரேவ், உலா எதை வேணும்னாலும் போடுங்க, போட்டு ஒரு வாரம் பாருங்க. ஃபயர்ஃபாக்ஸ்னா யூபிளாக் ஆரிஜின்னு ஒரு நீட்சி இருக்கு, அதையும் சேர்த்துக்கோங்க. விளம்பரம் போனதும் பழைய போன்கூட கொஞ்சம் இளமையா ஓடும். நோட்டிஃபிகேஷன் அனுப்பவான்னு எந்தத் தளம் கேட்டாலும் வேண்டாம்னு சொல்லுங்க. பேங்க் கேட்டாலும்.

மாத்தினதும் எல்லாம் மாறிடும்னு நினைக்காதீங்க. வாட்ஸ்அப்ல வர்ற லிங்க் புது பிரவுசர்ல திறக்கும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம்ல தொடற லிங்க் பெரும்பாலும் அவங்க செயலிக்குள்ள இருக்கிற குட்டி பிரவுசர்லயே திறக்கும். முகப்புல இருக்கிற அந்த நீளமான தேடல் பட்டை கூகுளுக்குத்தான் போகும். சில அரசுத் தளங்கள் குரோம்லதான் ஒழுங்கா வேலை செய்யும், நான் தினமும் எண்ட்ரி போடற தளம் ஒண்ணும் அப்படித்தான். அதுக்காகக் குரோமையும் ஒரு ஓரமா வச்சிருக்கேன்.

அந்த ஷூ கம்பெனி அம்மா போன வாரம் வந்தாங்க. சர்க்கரை 210. இன்னும் இறங்கணும், மாத்திரையை மட்டும் விடலை. எழுந்து போகும்போது பையில இருந்து இன்னொரு போனை எடுத்து மேஜை மேல வச்சாங்க. பக்கத்து மெஷின்ல தைக்கிற பொண்ணோடதாம், அதுக்கும் இப்படித்தான் தானா வருதாம்.

"அந்த மருந்து கொடுக்கிற சாரை இதுலயும் நரியைப் போட்டுத் தரச் சொல்லுங்க டாக்டரம்மா."

மொத்தம் பதினேழு தளத்துக்கு அதுல அனுமதி கொடுத்திருந்தது. பார்மசிஸ்ட் ஒவ்வொண்ணா நீக்கிட்டிருந்தாரு. வெளியில கம்பெனி வண்டி ஹாரன் அடிச்சுட்டே இருந்தது.